சட்டகத்தின் மேலும் ஏறிய பாரிஸ்

ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தின் குன்ஸ்தாலே அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. உயரம் 46 சென்டிமீட்டர், அகலம் 40. ரோபேர் தெலோனே என்ற பிரெஞ்சு ஓவியர் 1912இல் வரைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த பாரிஸ் நகரம்தான் விஷயம். ஆனால் முதல் பார்வைக்கு நகரமும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. மஞ்சள், ஆரஞ்சு, நீலம், ஊதா என்று கோணல்மாணலான வண்ணக் கட்டங்கள்தான் தெரியும். சில பளிச்சென்று இருக்கும், சில பால் கலந்தாற்போல வெளிறியிருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் நடுவில் ஒரு பச்சை வடிவம் கீழே அகன்று மேலே கூராக எழுவது பிடிபடும். அது ஐஃபெல் கோபுரம். கோபுரம் கிடைத்துவிட்டால் வீட்டுச் சுவர், கூரை, திரைச்சீலை மடிப்பு என்று மற்றவையும் மெல்ல வரும். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எல்லாம் கலைந்து வெறும் வண்ணமாகிவிடும்.

மூல ஓவியத்தை நான் நேரில் பார்த்ததில்லை. என் வீட்டுக் கூடத்தில் இருப்பது அதன் பிரிண்ட். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் 'இது என்ன படம்?' என்று கேட்பார்கள். மீதிப் பேர் 'பிரிண்ட்தானே?' என்பார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. பிரிண்ட்தான். ஆனால் இந்த ஓவியத்தின் உயிர் தங்கியிருக்கும் இடம் பிரிண்டுக்குள்ளும் வந்து சேரக்கூடியது. எல்லா ஓவியத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. வான் கோவின் தடித்த தீற்றல்களை வழவழப்பான தாளில் பார்த்து என்ன பயன்? தெலோனேயின் ஜன்னல் வேறு சங்கதி. அதற்குக் காரணம் தெரிய, அவர் எங்கிருந்து அங்கே வந்து சேர்ந்தார் என்று பார்க்க வேண்டும்.

1911 வசந்தத்தில் பாரிஸில் நடந்த 'சலோன் தெ ஸாந்தெபாந்தான்' கண்காட்சியில் 41ஆம் எண் அறையைப் பற்றி ஊரே பேசியது. க்யூபிசம் என்ற பாணி ஒரு கூட்டமாகப் பொதுமக்கள் முன்னால் வந்து நின்றது அங்கேதான். தெலோனே, லெஜே, க்ளேஸ், மெத்ஸான்ஜே, லெ ஃபோகொன்யே ஆகியோரின் படங்கள் அந்த அறையில் இருந்தன. பாணியைத் தொடங்கி வைத்த பிக்காசோவும் பிராக்கும் அங்கே இல்லை. அவர்கள் அந்தச் சமயத்தில் வரைந்துகொண்டிருந்தவை பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும்தான். கிட்டார், புட்டி, மேஜை, ஆள் என்று எதை எடுத்தாலும் துண்டு துண்டாகப் பிரித்துப் பல பக்கங்களிலிருந்து ஒரே சமயத்தில் காட்டுவதுதான் அவர்களுடைய அக்கறை. அதற்கு வண்ணம் இடைஞ்சல் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

தெலோனேயும் பிரித்தார். ஆனால் அவர் பிரித்தது கிட்டாரை அல்ல, ஐஃபெல் கோபுரத்தை. 1909 முதல் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கும் சிவப்புக் கோபுரம் அந்த வரிசையில் பேர்போனது. இரண்டு பக்கமும் கட்டடங்கள் திரைச்சீலை போல ஒதுங்கி நிற்க, நடுவே கோபுரம் உடைந்து, வளைந்து, ஆடிக்கொண்டு எழும். உண்மையில் அந்த வருடங்களில் கோபுரத்துக்கு அடித்திருந்தது மஞ்சள் கலந்த பழுப்பு வண்ணம். சிவப்பு தெலோனே கொடுத்தது.

அந்தக் கோபுரத்தின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு பைத்தியம் என்பது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. 1889 உலகப் பொருட்காட்சிக்காக, 20 வருட அனுமதியோடு கட்டப்பட்டது அது. 1909இல் பிரித்துப் போட்டிருக்க வேண்டியது. கம்பியில்லாத் தந்திக்கு உதவும் என்பதால் பிழைத்தது. அதே 1909 அக்டோபரில் கோம்த் தெ லாம்பேர் என்பவர் விமானத்தில் கோபுரத்தைச் சுற்றிப் பறந்து காட்டினார். தெலோனேக்கு அப்போது 24 வயது. அவர் பிறந்த ஊர் பாரிஸ். அவருக்கு நான்கு வயதாகும்போது எழுந்த கோபுரம் அது. 300 மீட்டர் உயர இரும்பு, வானத்தில் விமானம், காற்றில் போகும் செய்தி. ஓரிடத்தில் அசையாமல் நின்று ஒரே கோணத்தில் பார்த்து வரைகிற பழைய முறை இந்த நகரத்துக்குப் போதாது என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பு இல்லை.

1912இல் திடீரென்று கோபுரம் ஆடுவது நிற்கிறது. உடைசல் இல்லை, சாய்வு இல்லை. ஜன்னல் வரிசை தொடங்குகிறது. வண்ணம் மட்டுமே மிஞ்சுகிறது.

இந்தத் திருப்பத்துக்குப் பின்னால் ஒரு வேதியியல்காரர் இருக்கிறார். மிஷேல் எழேன் ஷெவ்ரெல். கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் வாங்கியவர். 1824இல் அவரைப் பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராகப் போட்டார்கள். அரசுக்குச் சொந்தமான நெசவுச்சாலை. அரண்மனைச் சுவர்களில் தொங்கும் சித்திரத் திரைகள் நெய்கிற இடம். அங்கே அவருக்கு வந்த புகார்களில் ஒன்று, கறுப்பு நூல் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்ட வைத்தால் வெளுத்துத் தெரிகிறது என்பது. சாயம்தான் மட்டம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஷெவ்ரெல் வெளியூர்ப் பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்துத் தன் கறுப்போடு வைத்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பைக் கெடுத்தது அதன் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்.

அதாவது ஒரு வண்ணம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து வண்ணம் முடிவு செய்கிறது. சாம்பல் நிறத் தாளைச் சிவப்புக்கு நடுவில் வைத்தால் லேசாகப் பச்சை தட்டும். அதையே பச்சைக்கு நடுவில் வைத்தால் சிவப்பு தட்டும். நீலமும் ஆரஞ்சும் ஒட்டி உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். நம்மூர்ப் பட்டுச்சேலைக் கடையில் 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்று பச்சை உடலுக்கு அரக்குக் கரை வைத்து விரித்துக் காட்டுவார்களே, அதே காரியம்தான். உடலை மட்டும் தனியாக மடித்து வைத்தால் அந்தப் பச்சை அவ்வளவு பச்சையாக இருக்காது. ஷெவ்ரெல் இதையெல்லாம் விதிகளாகத் தொகுத்து 1839இல் பெரிய புத்தகமாகவே போட்டுவிட்டார். பின்னால் வந்த ஓவியர்கள் அதைப் பாடநூல் மாதிரி வைத்துக்கொண்டார்கள். அவர் 102 வயது வரை வாழ்ந்து, கோபுரம் கட்டி முடிந்த சில நாட்களிலேயே, 1889 ஏப்ரலில் இறந்தார். கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் பொறித்திருக்கும் 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களில் ஷெவ்ரெல் பெயரும் ஒன்று. தெலோனே அந்தப் பெயரைத் தாங்கிய கோபுரத்தையே ஷெவ்ரெலின் விதிப்படி வரைந்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜன்னல் ஓவியத்தில் பச்சைக் கோபுரம் தனியாக நிற்கவில்லை. அதன் ஓரத்தில் ஆரஞ்சு வரும் இடத்தில் பச்சை முன்னால் வருகிறது. நீலம் வரும் இடத்தில் பின்னால் போகிறது. ஒரே பச்சைதான். கண் அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டே இருப்பதால் படம் அசைவதுபோல் இருக்கிறது. கோபுரத்தை உடைத்து ஆட்டிக் காட்ட வேண்டிய வேலை தெலோனேக்கு இனி இல்லை. ஆட்டத்தை நம் கண்ணிடமே கொடுத்துவிட்டார். இதைக் க்யூபிசம் என்று சொல்லலாமா என்றால், அதிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். கவிஞர் அப்போலினேர் இதற்கு 'ஓர்ஃபிசம்' என்று தனிப் பெயரே வைத்தார். 1912 கடைசியில் சில வாரங்கள் அவர் தெலோனே வீட்டில்தான் தங்கியிருந்தார். இந்த ஜன்னல்களைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். அந்த வருடமே ஓவியர் பால் க்ளே தெலோனேயைத் தேடி வந்தார். பிறகு ஓவியர்கள் ஃபிரான்ஸ் மார்க்கும் ஆகஸ்ட் மாக்கேயும் வந்தார்கள். ஒளியைப் பற்றித் தெலோனே எழுதிய கட்டுரையை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் க்ளே. மூன்று ஜெர்மன் மொழிக்காரர்களின் வண்ணமும் அதற்குப் பிறகு மாறியது.

சோனியாவைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. இன்றைய உக்ரைன் மண்ணில் பிறந்தவர், 1910இல் ரோபேரை மணந்தவர், தானும் ஓவியர். 1911இல் மகன் ஷார்ல் பிறந்தபோது துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து ஒரு போர்வை செய்தார். சிறுவயதில் கிராமத்து வீடுகளில் பார்த்த ஒட்டுப்போட்ட துணிகளின் நினைவில் செய்தது. வேண்டியவர்கள் அதைப் பார்த்து 'இது க்யூபிசம் மாதிரி இருக்கிறதே' என்றார்களாம். அந்தப் போர்வை இன்று பாரிஸின் பாம்பிதூ மையம் என்ற கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், கலைப்படைப்பாகவே, இருக்கிறது. தேதியைக் கவனியுங்கள்: போர்வை 1911, ஜன்னல்கள் 1912. யாரிடமிருந்து யார் கற்றார் என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் பிரிண்ட் கடைகளில் ரோபேரின் பெயரை மட்டும் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

சரி, பிரிண்டுக்கு வருவோம்.

இந்த ஓவியத்தின் உயிர் ஒரு வண்ணத்துக்கும் அதன் பக்கத்து வண்ணத்துக்கும் இடையே இருக்கிறது. பெயிண்டின் தடிமனில் இல்லை; தெலோனே மெல்லிசாகத்தான் பூசியிருக்கிறார். அளவின் பிரமாண்டத்திலும் இல்லை. அந்த உறவு குலையாமல் அச்சடித்தால் ஓவியம் வந்துவிட்டது என்றே சொல்வேன். அது குலைந்தால், எவ்வளவு விலையுயர்ந்த தாளில் அடித்தாலும் வரவில்லை.

ஒரு கடையிலிருந்து எனக்கு முதலில் வந்த பிரிண்ட் அப்படித்தான் குலைந்து வந்தது. உருளைப் பெட்டியைத் திறந்து மேஜையில் விரித்தபோது கண் கூசியது. யாரோ கணினியில் வண்ணத்தை நன்றாக முறுக்கிவிட்டிருந்தார்கள். வெளிறிய கட்டங்கள்கூட அடர்ந்த வண்ணமாகிவிட்டன. நடுவிலிருந்த பச்சைக்கு எழும்ப இடமே இல்லை, கோபுரம் காணாமலே போய்விட்டது. ஜன்னல் ஓவியத்தில் அந்தப் பால்நிற, நீர்த்த கட்டங்கள்தான் மற்றவற்றைப் பேச விடுகின்றன. திருப்பி அனுப்பிவிட்டு வேறு அச்சகத்தில் சொன்னேன். இந்த முறை முழுப் படத்தை அடிப்பதற்கு முன்னால், நடுப்பகுதியை மட்டும் ஒரு கையகலத் துண்டாக அதே தாளில் அடித்துக் காட்டச் சொன்னேன். பச்சை, அதை ஒட்டிய ஆரஞ்சு, பக்கத்து வெளிறிய நீலம் ஆகிய மூன்றும் ஒன்றாக வரும் இடம். அந்தத் துண்டில் பச்சை மேலே எழும்பி நின்றது. 'இதே மாதிரி அடிங்க' என்றேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்: மாதிரித் துண்டு கேளுங்கள். நல்ல அச்சகத்தார் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஏன் இந்த வம்பு என்றால், சாதாரண போஸ்டர் அச்சில் நான்கே மை: நீலப்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இவற்றின் கலவையால் பளிச்சென்ற ஆரஞ்சும் பச்சையும் ஊதாவும் முழுசாக வருவதில்லை. கொஞ்சம் மங்கித்தான் வரும். தெலோனேயின் படமோ அந்த மூன்றையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆர்ட் பிரிண்ட் அடிக்கிற பெரிய இங்க்ஜெட் இயந்திரங்களில் எட்டு, பத்து, பன்னிரண்டு மைகள் வரை இருக்கும். சிலவற்றில் ஆரஞ்சு, பச்சை, ஊதாவுக்கென்றே தனி மை உண்டு. கடைக்காரர்கள் 'ஜீக்லே' என்று சொல்வது இந்த இங்க்ஜெட் பிரிண்டைத்தான். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நாம் கேட்க வேண்டியது மை 'பிக்மென்ட்' மையா, தாள் அமிலம் இல்லாத பருத்தித் தாளா என்பதை. பிக்மென்ட் மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்காது. பருத்தித் தாள் மஞ்சளிக்காது. கான்வாஸில் அடித்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. இயந்திரத் துணியின் சொரசொரப்பு எல்லா வண்ணத்தின் மேலும் ஒரே மாதிரி ஏறிக்கொண்டு, ஓவியர் மெல்லிசாகப் பூசிய இடத்துக்கும் அழுத்திப் பூசிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அழித்துவிடுகிறது.

அளவு விஷயத்தில் இந்த ஓவியம் நமக்கு ஒரு பெரிய சலுகை தருகிறது. மூலம் 46க்கு 40 சென்டிமீட்டர் என்பதால், ஏ2 தாளுக்குள் மூல அளவிலேயே அடங்கிவிடும். ஓவியர் கை எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அதே தூரம் நம் கண்ணும் நகரும். சிகாகோவின் சிவப்புக் கோபுரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம். அதை யார் வீட்டுச் சுவருக்கு மூல அளவில் கொண்டுவர முடியும்? ஆனால் கடைகள் தங்களுக்கு வசதியான அளவில்தான் விற்கின்றன: 12க்கு 18 அங்குலம், 16க்கு 20 அங்குலம். 12க்கு 18 தாள் நீளவாக்கில் ஒடுங்கியது. கிட்டத்தட்டச் சதுரமான இந்த ஓவியத்தை அதில் நிரப்ப வேண்டுமென்றால் பக்கவாட்டில் நிறைய வெட்டியாக வேண்டும். 16க்கு 20 கேட்டாலும் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். ஓரம்தானே, போகட்டும் என்று விட முடியாது. இந்த ஓவியத்துக்கு ஓரம்தான் முக்கியம், அதற்கு வருகிறேன். வெள்ளை விளிம்பு விட்டு முழுப் படத்தையும் அடிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் 'க்யூபிஸ்ட் நகரம்' என்ற பெயரில் ஓவியர் பெயர் இல்லாமல், வருடம் இல்லாமல் ஏகப்பட்ட படங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. பெரும்பாலானவை சிவப்பும் நீலமும் அப்பிய பெட்டிக் கட்டடங்கள். நாலு நாள் பார்த்தால் சலித்துவிடும். யார் வரைந்தது, எப்போது, மூலம் எங்கே இருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத படத்தை நான் வாங்க மாட்டேன். தெலோனே 1941இல் இறந்தவர். இந்தியாவில் பதிப்புரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை, ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் 70 ஆண்டுகள் வரை. ஆகவே நம் நாட்டில் அவருடைய ஓவியங்களை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சோனியா 1979 வரை வாழ்ந்தார்; அவருடைய படங்களுக்கு அந்தச் சுதந்திரம் இன்னும் வரவில்லை. அவர் பிரிண்ட் மலிவாகக் கிடைத்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மாட்டிய பிறகு வெளிச்சம். எங்கள் கூடத்தில் மஞ்சள் எல்இடி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது ஆரஞ்சு எல்லாம் ஜொலித்தது, நீலம் சாம்பலாகச் செத்துவிட்டது. இரண்டும் மோதினால்தானே கோபுரம் அசையும்? நேர் வெயில் படாத, ஆனால் பகல் வெளிச்சம் நன்றாக வரும் சுவருக்கு மாற்றினேன். காலை பத்து மணி வாக்கில் நீலம் குளிர்ந்து, பச்சை நிமிர்ந்து நிற்கிறது. ராத்திரிக்கு வெள்ளை விளக்குதான்.

கடைசியாக ஃபிரேம். ஹாம்பர்க் ஓவியத்தை மற்ற ஜன்னல் ஓவியங்களிலிருந்து பிரிக்கிற விஷயம் இதுதான்: தெலோனே துணியோடு நிறுத்தவில்லை. படத்தைச் சுற்றியிருந்த மரச் சட்டகத்தின் மேலும் வண்ணத்தைத் தொடர்ந்து பூசியிருக்கிறார். உள்ளே ஓடிய நீலமும் மஞ்சளும் விளிம்பில் நிற்காமல் மரத்தில் ஏறிப் போகின்றன. ஐரோப்பிய ஓவியத்தில் படம் என்பது ஜன்னல், சட்டகம் என்பது ஜன்னல் நிலை என்று நானூறு ஐந்நூறு வருடமாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. நிலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் உலகம். அந்த நிலையின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டார் மனிதர். ஜன்னலைப் பற்றிய படத்தில் இதைச் செய்ததுதான் எனக்கு இன்றும் அதிசயம். பிரிண்ட் விற்பவர்கள் பலர் இந்தச் சட்டகத்தை அழுக்கு ஓரம் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டாமல் அடித்தாலும் மரத்தின் மேடு தட்டையாகித்தான் வரும். பிரிண்டால் முடியாத இடம் அது ஒன்றுதான்.

எங்கள் தெருமுனையில் ஃபிரேம் போடும் அண்ணன் தங்க நிற பீடிங்கை, அதாவது ஃபிரேம் போடும் சட்டத்தை, எடுத்து வைத்தார். 'கலருக்குத் தங்கம் நல்லா எடுக்கும் சார்' என்றார். படத்தைச் சுற்றி அகலமாக வெள்ளை மவுண்டும், அதாவது அட்டை விளிம்பும், போடலாம் என்றார். அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. மவுண்ட் இருந்தால் கண்ணாடி தாளைத் தொடாது, மழைக்கால ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாது. ஆனால் எல்லையை மீறிய படத்தைச் சுற்றி இன்னொரு எல்லையா? மவுண்ட் இல்லாமல், கண்ணாடியும் தொடாமல் என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாளில் விட்டிருந்த வெள்ளை விளிம்பின் மேல் உட்காரும்படி மெல்லிய மரக் குச்சிகளை நான்கு பக்கமும் ஒட்டினார். கண்ணாடி அந்தக் குச்சியின் மேல் நிற்கும், குச்சியைப் பீடிங்கின் உதடு மறைத்துக்கொள்ளும். சாயம் போடாத, ஒடுக்கமான வேப்பமரப் பீடிங். ஓவியத்தின் சட்டகம் முழுசாகத் தெரிகிறது, வண்ணம் கிட்டத்தட்ட மரத்தைத் தொட்டுக்கொண்டு முடிகிறது. வேலையை முடித்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், 'நடுவுல பச்சையா டவர் ஒண்ணு நிக்குதே சார்' என்றார். நான் சொல்லவே இல்லை.

ஜெர்மனியில் இருக்கும் தமிழ் வாசகர்களிடம் ஓர் உதவி. குன்ஸ்தாலே ஹாம்பர்க்கின் முதன்மை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படம் காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். நேர் எதிரே நின்று பார்த்துவிட்டு, பக்கவாட்டிலும் போய் நின்று அந்தச் சட்டகத்தைப் பாருங்கள். துணி முடிந்து மரம் தொடங்கும் இடுக்கில் வண்ணம் எப்படித் தாண்டுகிறது, மரத்தின் பக்கவாட்டு முகத்திலும் பூசியிருக்கிறாரா, ஒரே தீற்றலாகப் போகிறதா, விட்டுத் தொடங்குகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.